கீரைக்கட்டோடு வந்த தண்ணீர்

எங்கள் வீட்டில் வல்லாரைச் சம்பல் இல்லாமல் ஒரு வாரம் கழிவது அபூர்வம். வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் போதும். கறி சுமாராக இருந்தாலும் சோறு இறங்கிவிடும். ஞாபக சக்தி கூடும் என்று சொல்லிச் சொல்லியே உம்மம்மா எங்களுக்கு ஊட்டியது. அடுப்பையே காணாத சம்பல் அது. அப்படியிருந்தும், அந்தக் கீரை என்ன தண்ணீரில் வளர்ந்தது என்று நான் பல காலம் யோசித்ததேயில்லை.

ஒரு நாள் பின்னேரம் சந்தையில் கீரைக்காரரின் முன்னால் நின்றேன். வாடத் தொடங்கியிருந்த கட்டுகளை அவர் பக்கத்திலிருந்த வாளியில் முக்கி முக்கி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கீரை மறுபடியும் பச்சைப் பசேலென்று நிமிர்ந்தது. வாளித் தண்ணீரோ தேத்தண்ணீர் நிறம். கேட்டால் கோபிப்பாரோ என்று நினைத்து, ஒன்றும் பேசாமல் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் கேட்கத் தொடங்கியது: வாளித் தண்ணீரே இப்படியென்றால், வயலில் பாய்ந்த தண்ணீர் எப்படியிருந்திருக்கும்?

சகோதரிகளே, இது நமது சந்தைக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. பட்டணங்கள் பெருகப் பெருக, வீடுகளிலும் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருந்து வெளியேறும் அழுக்குத் தண்ணீரும் பெருகுகிறது. அது கால்வாயிலும் ஆற்றிலும் கலக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளி அதே ஆற்றை மறித்து ஒருவர் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார். பட்டணங்களின் கழிவுநீர் பெருமளவில் கலந்த நீரை நம்பி நிற்கும் பயிர்நிலம் உலகில் ஏறத்தாழ 3 கோடியே 59 இலட்சம் ஹெக்டேயர் என்று 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும் பகுதி, கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்காத நாடுகளிலேயே இருக்கிறது. நமது நாடும் இதற்கு விலக்கல்ல. குருநாகல் நகரத்தின் அழுக்கு கலந்த கால்வாய் நீர், நகரை அடுத்த நெல் வயல்களுக்குப் பாய்வதை 2000களில் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சந்தியாகோவின் புதிர்

தென்னமெரிக்காவில் சிலி என்றொரு நாடு. அதன் தலைநகர் சந்தியாகோ. 1980களில் இந்த நகரம் வைத்தியர்களுக்கு ஒரு புதிராக இருந்தது. நெருப்புக்காய்ச்சல் என்றால் நாம் உடனே கிணற்றையும் குடிதண்ணீரையும்தான் சந்தேகிப்போம். சந்தியாகோவில் அதற்கு இடமிருக்கவில்லை. அநேகமாக எல்லா வீடுகளுக்கும் குளோரீன் இட்ட குழாய்த் தண்ணீர் வந்தது. பெரும்பாலான மலசலகூடங்கள் நகரத்தின் கழிவுக் குழாய்களோடு இணைக்கப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் 1983ஆம் ஆண்டளவில், ஒரு இலட்சம் பேருக்கு 200 பேருக்கும் மேல் நெருப்புக்காய்ச்சல் கண்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்தாம் அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். நாட்டின் மற்றப் பாகங்களில் இவ்வளவு இல்லை. அதுவும் மழையில்லாத கோடை மாதங்களில் ஏறும், குளிர்காலம் வந்தால் இறங்கும்.

விடை நகரத்தின் ஓரத்தில் கிடந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்களின் மலசலக் கழிவு, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் மாப்போச்சோ ஆற்றிலும் நகரத்துப் பெருங்கால்வாய்களிலும் போய் விழுந்தது. மழையில்லாத காலத்தில் சுற்றுப்புறத் தோட்டக்காரர்கள் அந்த நீரைத்தான் மரக்கறிக்குப் பாய்ச்சினார்கள். அங்கே விளைந்தது பெரும்பாலும் சலாது இலை, கொத்தமல்லி போன்ற, பச்சையாகத் தின்னும் வகைகள். ஆய்வாளர்கள் துணிச் சுருள்களைப் பாசனக் கால்வாய்களில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு எடுத்துச் சோதித்தார்கள். நெருப்புக்காய்ச்சல் கிருமி அதில் அகப்பட்டது. வீட்டிலிருந்து குழாய் வழியாக வெளியேறிய கிருமி, சலாது இலையில் ஒட்டிக்கொண்டு கூடையில் அதே வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது!

காரணம் தெரிந்த பிறகும் கால்வாயை மறிக்க யாரும் துணியவில்லை. தோட்டக்காரர்களின் பிழைப்பு அது. நகரத்துக்கு மரக்கறியும் வேண்டும். கடைசியில் துணிவைக் கொடுத்தது வேறொரு நோய். 1991 ஜனவரியில் பெரு நாட்டில் கொலரா வெடித்தது. அந்த ஒரே ஆண்டில் அங்கே 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டார்கள். ஏப்ரலில் அது அண்டை நாடான சிலியையும் எட்டியது. அரசாங்கம் பதறியடித்துக்கொண்டு, பச்சையாக உண்ணும் மரக்கறிகளுக்குக் கழிவுநீர் பாய்ச்சுவதைத் தடை செய்தது. உணவகங்களில் பச்சைச் சலாது பரிமாறவும் தடை வந்தது. அந்த ஆண்டில் சிலியில் கொலரா கண்டவர்கள் 41 பேர் மட்டுமே. அதைவிட ஆச்சரியம், பல ஆண்டுகளாக ஆட்டிப்படைத்த நெருப்புக்காய்ச்சலும் சட்டென்று விழுந்துவிட்டது. தடுப்பு மருந்து முயற்சிகளால் அது முன்னரே கொஞ்சம் குறையத் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனாலும் இந்தப் பெரிய வீழ்ச்சிக்குக் காரணம், கழிவுநீர் சலாதுத் தோட்டத்துக்குப் போகாமல் நின்றதே என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த நகரத்துக்கு வந்ததோ அதற்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில்தான்.

ஹாரூனாபாத் தோட்டக்காரர்கள்

இதைப் படித்ததும் எனக்கும் கோபம் தோட்டக்காரர் மீதுதான் வந்தது. தெரிந்துகொண்டே இப்படிச் செய்வார்களா என்று நினைத்தேன். பாகிஸ்தானின் ஹாரூனாபாத் பற்றிப் படித்த பிறகு அந்தக் கோபம் அடங்கியது.

தென் பஞ்சாபில், பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள சிறு பட்டணம் அது. மழை மிகக் குறைவு. நிலத்தைத் தோண்டினால் உவர்த் தண்ணீர். வாய்க்கால் நீர் முறை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்துக்கு மட்டும் வரும். வாரம் ஒருமுறை நீரை வைத்துக்கொண்டு மரக்கறி செய்ய முடியுமா? பட்டணத்துக் கழிவுநீர் மட்டும் எந்த நாளும் வற்றாமல் வருகிறது. அதில் பசளையும் சேர்ந்தே வருவதால் யூரியா வாங்கும் செலவும் மிச்சம். அந்தத் தோட்டக்காரர்களின் வருமானம் வாய்க்கால் நீர் பாய்ச்சியவர்களைவிட மேலாகவே இருந்தது. இதை ஆராய்ந்து எழுதியது வேறெங்கோ உள்ள நிறுவனம் அல்ல. நமது பத்தரமுல்லையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம். பாகிஸ்தானின் மரக்கறியில் ஏறத்தாழ 26 வீதம் கழிவுநீரில் விளைகிறது என்று 2004இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நான்கில் ஒரு பங்கு! இதை ஒரே கட்டளையில் நிறுத்தினால் தோட்டக்காரர் மட்டுமல்ல, ஏழை வீடுகளின் அடுப்பும் சேர்ந்தே நிற்கும்.

பைசலாபாத் நகரத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே கழிவுநீரைக் குளங்களில் தேக்கிச் சுத்திகரிக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் சுத்திகரித்த தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று விவசாயிகள் மறுத்துவிட்டார்கள். குளத்தில் நாட்கணக்கில் வெயிலில் கிடக்கும்போது நீர் ஆவியாகி உப்பு கூடுகிறது, பசளைச் சத்தோ குறைகிறது. பயிருக்கு எது நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் உடம்புக்கு எது நல்லது என்பதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த உடம்புகள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்களிடம் வயிற்றோட்டமும் கொழுக்கிப்புழுவும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. கொழுக்கிப்புழு வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். பிறகு குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். வெளியே தெரிவது களைப்பும் மூச்சு வாங்குவதும் வெளிறிய முகமும் மட்டும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் இது இரட்டைச் சுமை. ஏற்கனவே இரத்தம் குறைந்த உடம்பில் இன்னொரு வாயும் உறிஞ்சினால் என்னாகும்? நமது நாட்டுக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு பூச்சி மருந்து கொடுப்பது சும்மா அல்ல. அந்த மாத்திரையை வாங்கி வந்து அலுமாரியில் போட்டு வைக்கும் சகோதரிகள் சிலரை எனக்குத் தெரியும். கிளினிக் தந்ததை, தந்த முறைப்படி குடித்துவிடுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் குடிப்பது வேறு விஷயம், அது கூடாது.

இனி, என்னை மறுபடி சந்தை வாளிக்கு இழுத்துச் சென்ற செய்திக்கு வருகிறேன். பைசலாபாத் மரக்கறிகளை ஆய்வாளர்கள் இரண்டு இடங்களில் எடுத்துச் சோதித்தார்கள். ஒன்று கழிவுநீர் பாய்ந்த வயல், மற்றது பட்டணத்துச் சந்தை. முடிவு 2007இல் வெளியானது. மலத்தில் இருந்து வரும் ஈ.கோலைக் கிருமி வயலில் எடுத்த மரக்கறியில் கிராம் ஒன்றுக்குச் சராசரி 1.9, சந்தையில் எடுத்ததில் 14.3. புழு முட்டைகள் வயலில் கிராமுக்கு 0.7, சந்தையில் 2.1. வயலில் சூரிய வெயில் கிருமிகளில் ஒரு பகுதியைக் கொன்றுவிடுகிறது. அதன் பிறகு அழுக்குத் தண்ணீரில் கழுவி, நிலத்தில் குவித்து, வாடாமலிருக்கத் தெளித்து நாமே அதைத் திரும்பவும் ஏற்றிவிடுகிறோம். அதாவது, நல்ல தண்ணீரில் வளர்ந்த கீரையும் சந்தைக்கு வந்து கெட்டுப்போகலாம்.

நெருப்புக்கு அடங்காதது

இதுவரை சொன்னது உயிருள்ள எதிரிகளைப் பற்றி. கிருமி, புழு, முட்டை எல்லாம் கொதிக்க வைத்தால் சாகும். உயிரே இல்லாத எதிரியை என்ன செய்வது?

ஜப்பானில் தொயாமா என்றொரு மாகாணம். அங்கே ஓடும் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் கமியோக்கா என்ற சுரங்கம் இருந்தது. சுரங்கத்துக் கழிவோடு கட்மியம் என்ற உலோகம் ஆற்றில் கலந்தது. கீழே விவசாயிகள் அந்த ஆற்று நீரை நெல் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். தண்ணீரில் இருந்து மண்ணுக்கும், மண்ணில் இருந்து நெல்லுக்கும், சோற்றில் இருந்து உடம்புக்கும் அது ஏறியது. சோறு கொதிக்காமலா வெந்தது? கொதித்தும் பயனில்லை, உலோகத்தை நெருப்பு ஒன்றும் செய்யாது.

அது போய்த் தங்குவது சிறுநீரகத்தில். சிறுநீரகம் கெட்ட பிறகு எலும்புகளின் உறுதி கரைகிறது. இருமினாலே விலா எலும்பு முறியும் நிலைக்குச் சிலர் வந்தார்கள். நோயாளிகள் "வலிக்குது, வலிக்குது" என்று அலறியதே ஜப்பானிய மொழியில் நோயின் பெயராயிற்று: இத்தாய்-இத்தாய். பீடிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; நடுத்தர வயதைத் தாண்டிய, பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார். பிள்ளைப்பேறுகளிலும் பால் கொடுத்ததிலும் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு கட்மியத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட காலம் இதை ஏதோ ஊர் நோய் என்றே நினைத்திருந்தார்கள். அங்கேயே வைத்தியம் பார்த்த டாக்டர் ஹகினோ என்பவர் விடாப்பிடியாக நின்று கட்மியத்தின் மீது விரலை நீட்டினார். 1968இல்தான் ஜப்பான் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நஞ்சேறிய வயல்களின் மண்ணை மாற்றிச் சீர்ப்படுத்தும் வேலை 2012இல்தான் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல்!

நமது கீரை அப்படி நஞ்சேறியது என்று சொல்ல வரவில்லை; வீணாகப் பயமுறுத்துவது பாவம். ஆனால் கீரை வகைகள் மண்ணிலும் நீரிலும் உள்ள உலோகத்தை மற்ற மரக்கறிகளைவிட இலகுவாக இழுத்துக்கொள்ளும். கொழும்பு மாவட்டத்தில் பிலியந்தலைப் பகுதிச் சந்தைகளில் விற்ற கங்குன், பொன்னாங்காணி உட்பட ஐந்து வகைக் கீரைகளில் நிக்கல், கட்மியம், ஈயம் முதலியவற்றை அளந்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஒன்றே காரணம் என்றில்லை. பசளை, வாகனப் புகை, பழைய குப்பை மேடு என்று வேறு வழிகளும் உண்டு. ஆகவே கராஜ், சாயப் பட்டறை, தோல் பதனிடும் இடம் இவற்றின் வடிகாலோரம் தானாகச் செழித்து வளர்ந்த கங்குனைச் சும்மா கிடைக்கிறதே என்று பறித்து வருவது, வீட்டுக் கழிவில் வளர்ந்ததைவிட ஒருவகையில் மோசம். முன்னதைக் கழுவியும் தீராது, சமைத்தும் தீராது. ஒரே இடத்துக் கீரையையே நாள்தோறும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவது, இது விஷயத்தில் நம்மால் செய்யக்கூடிய ஒன்று.

கிதாபும் ஆய்வுகூடமும்

பிக்ஹுக் கிதாபுகளில் முதற்பாடமே தண்ணீர்தான் என்பது ஓதியவர்களுக்குத் தெரியும். இரண்டு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அது நஜீஸாகிவிடும். அதற்கு மேற்பட்ட நீரானால் நிறமோ சுவையோ மணமோ மாறினால்தான் நஜீஸ் என்று நமது ஷாபிஈ மத்ஹபில் படித்தோம். நஜீஸான நீர் பாய்ந்து வளர்ந்த பயிர் அதனாலேயே நஜீஸாகிவிடாது, மேலே பட்ட அசுத்தத்தைக் கழுவ வேண்டும் என்பதும் இந்த மத்ஹபின் நிலை. ஹன்பலி மத்ஹபில் இன்னும் கண்டிப்பான கருத்து உண்டு: பிறகு சுத்தமான நீரைப் பாய்ச்சிய பின்னரே அதை உண்ணலாம் என்பார்கள். இது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால் அறுவடைக்கு முந்திய நாட்களில் கழிவுநீரை நிறுத்திவிடுங்கள் என்றுதான் இன்றைய சுகாதார நிபுணர்களும் விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். நிறுத்திய ஒவ்வொரு நாளும் வெயிலும் காற்றும் இலையிலுள்ள கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும்.

1978இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, நிபுணர்களிடம் விசாரித்த பிறகு ஒரு தீர்ப்பு வழங்கியது. நிறம், சுவை, மணம் மூன்றிலும் நஜீஸின் அடையாளமே இல்லாமல் முற்றாகச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் சுத்தமானதே, வுழூவுக்கும் ஆகும் என்றார்கள். அத்தோடு விடவில்லை. உடம்புக்குத் தீங்கு வருமென்றால் அதைத் தவிர்ப்பதே நல்லது, அசுத்தம் என்பதற்காக அல்ல, தீங்கைத் தடுப்பதற்காக என்றும் சேர்த்தார்கள். சுத்தம் வேறு, சுகம் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும் என்ற அந்த நுட்பம் குசினியில் நிற்கும் நமக்கும் மிகத் தேவையானது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கீரையில் புழு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது நிறத்தையும் மாற்றாது, மணத்தையும் மாற்றாது.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 1989இல் வகுத்த அளவு, பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாயும் நீரின் 100 மில்லிலீற்றரில் மலக் கோலிபோம் கிருமி 1000க்கு மேல் இருக்கலாகாது, லீற்றருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்பது. பல நாடுகளுக்கு இது எட்டாத கனியாகவே இருந்தது. 2006இல் அந்த ஸ்தாபனம் வழியை மாற்றிக்கொண்டது. முழுச் சுமையையும் சுத்திகரிப்பு நிலையத்தின் தலையில் வைக்காமல் வயல், சந்தை, குசினி என்று வழி நெடுகத் தடைகளைப் போடுவது என்று தீர்மானித்தது. அப்படிப் பார்த்தால் கடைசிக் காவல் நமது கையில்தான்.

குசினியில்

அவர்கள் கணக்கு இது. நல்ல தண்ணீரில் சரியாகக் கழுவினால் கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கு போகும். கிருமிநாசினி கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது போகும். தோல் சீவினாலும் அதே அளவு. நன்றாகச் சமைத்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். பத்தில் ஒன்பது என்றதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இலையில் பத்தாயிரம் இருந்தால் இன்னும் ஆயிரம் மிச்சம்.

வல்லாரைக்கு முதலில் கட்டை அவிழ்த்து, வேரையும் சேற்றுத் தண்டையும் கழுவுவதற்கு முன்னரே வெட்டி வீசிவிடுங்கள். கட்டோடு சட்டியில் அமிழ்த்துவது கழுவுவது அல்ல. கீரைக்காரர் வாளியில் செய்ததையே நாமும் செய்கிறோம். அகன்ற பாத்திரத்தில் இலைகளைப் பிரித்துப் போட்டு, விரல்களால் தேய்த்து, மண் விழாத வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றுங்கள். தேய்ப்பது முக்கியம். புழு முட்டை ஒட்டும் தன்மையுள்ளது. குளோரீன் அதைக் கொல்லாது, தேய்த்து நீரோடு போக்கத்தான் வேண்டும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. மரக்கறி கழுவுவதற்கென்று விற்கும் குளோரீன் மருந்தானால் அதில் எழுதியுள்ள அளவையும் நேரத்தையும் மீறாதீர்கள். பிறகு குடிக்கக்கூடிய நீரில் அலசிவிடுங்கள். மண்ணோடு இருக்கும் இலையில் மருந்து ஊற்றுவது வீண், மண்ணே மருந்தைக் குடித்துவிடும். உப்புத் தண்ணீரும் வினாகிரியும் கிருமியைக் குறைக்கும், ஒழிக்காது. சம்பலில் பிழியும் தேசிக்காய்ப் புளி கிருமியைக் கொன்றுவிடும் என்று எங்கள் வீட்டிலும் ஒரு நம்பிக்கை இருந்தது. பிழிந்தவுடன் பரிமாறும் சம்பலில் அதை நம்பாதீர்கள்.

வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ நோயாளியோ இருந்தால், கொஞ்ச நாளைக்குப் பச்சைச் சம்பலை விட்டு மல்லுங் செய்வது மேல். ஆவி பறக்க நன்றாக வதக்குங்கள், சட்டியில் காட்டி இறக்குவது போதாது. இலைக்கஞ்சியிலும் இதே தவறு நடக்கிறது. பச்சை நிறம் மாறிவிடுமென்று சாற்றை விட்டவுடனே இறக்கிவிடுகிறோம். சாறு விட்ட பிறகும் ஒரு கொதி வரட்டும். நிறம் சற்று மங்கும், அவ்வளவுதான். கழுவிய கீரையை, முன்னர் கழுவாத கீரை கிடந்த அதே பலகையில் அரியும் பழக்கத்தையும் விட வேண்டும். என்னிடமும் அந்தப் பழக்கம் இருந்தது.

கொல்லையில் இரண்டு முழ நிலம் இருந்தால் வல்லாரை இலகுவில் பிடித்துக்கொள்ளும். ஆனால் மலசலகூடக் குழியின் ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். செழிப்பு அங்கேதான் அதிகம் என்று பார்த்தே அங்கே நடுகிறார்கள்.

போன மாதம் அதே கீரைக்காரரிடம் ஒருவாறு துணிந்து கேட்டுவிட்டேன். "நானா, இந்த வாளித் தண்ணியக் கொஞ்சம் மாத்தக் கூடாதா?" அவர் கோபிக்கவில்லை. "மாத்தலாம் தங்கச்சி. இந்தச் சந்தைக்கே ஒரு பைப்புத்தான். அதுலயும் காலைல ஒன்பது மணியோட தண்ணி நின்டுரும். பொறகு நான் எங்க போற?" என்றார். கீரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வல்லாரை தன்னுடைய சொந்த வயலோரத்தில், கிணற்றுத் தண்ணீரில்தான் என்றார். கங்குன் வேறொருவர் கொண்டுவந்து போடுவது. அது எங்கே வளர்ந்தது என்று அவருக்கே தெரியாதாம்.

இப்போது வல்லாரையை மட்டும் அவரிடம் வாங்குகிறேன், காலை எட்டு மணிக்குள் போய்.